ஜிலேபி கொடுத்த காலை

போன வாரம் உங்கள் ஆய்வு அறையில் கைதட்டல் கேட்டது. ஓய்வு பெற்ற பிறகும் நூலகத்துக்கு வந்து உங்கள் நாற்காலிகளில் ஒன்றை அடைத்துக்கொண்டு உட்காரும் கிழவி நான். சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. திரையில் ஒரு கோடு சட்டென்று எழும்பி இறங்கியிருந்தது. காமாக் கதிர் வெடிப்பு என்று குதித்தீர்கள். அதற்குள் யாரோ இனிப்புப் பெட்டியைத் திறந்து என் முன்னால் நீட்டினார். நான் எடுத்துக்கொள்ளவில்லை. "எந்தக் கருவியில் முதலில் ஏறியது, தனித்தனியாகப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு என் நாற்காலிக்குத் திரும்பிவிட்டேன்.

இந்த அம்மாவுக்குச் சர்க்கரை போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. பொறாமை என்று இன்னொருவர் முணுமுணுத்ததும் விழுந்தது. எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. சர்க்கரை இல்லை. பொறாமை கொஞ்சம் இருக்கலாம், இந்த வயதில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆனால் இனிப்பை நான் தொடாததற்குக் காரணம் வேறு. அதைச் சொல்லாமல் போனால் உங்களுக்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குக் குன்னத்தூர் போகும் ரோட்டோரம் ஒரு கொட்டகையில் வேலை கிடைத்தது. அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவேன்; அவருக்குத் திருப்பூரில் நூல் கடை. இயற்பியல் படித்த பெண்ணை எங்கோ வடக்கே அனுப்பிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்த அம்மாவுக்கு உயிர் வந்தது. அத்தாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் தீரவே இல்லை. "வானத்தைப் பாக்கறதுக்கு எதுக்கும்மா கொட்டகை? கூரை மறைக்காதா?" என்பார். நாங்கள் பார்ப்பது ஒளியை அல்ல, கூரையைத் துளைத்துக்கொண்டு வருவதை என்று எத்தனை முறை சொன்னாலும், தலையை ஆட்டிவிட்டு மறுபடி அதையே கேட்பார்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் அன்றைய நிலைமையைச் சொல்ல வேண்டும். வானத்தில் ஏதோ ஒரு மூலையில் சில விநாடிகளுக்குக் காமாக் கதிர் கொட்டும். அந்தச் சில விநாடிகளில் அதற்கு ஈடாக வானத்தில் எதுவும் இருக்காது. பிறகு அணைந்துவிடும். அதே இடத்திலிருந்து மறுபடி வராது. செயற்கைக்கோள்கள் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தன. அது பக்கத்திலா, கற்பனைக்கு எட்டாத தூரத்திலா என்று எவருக்கும் தெரியாது. தூரம் என்று சொன்னால், அவ்வளவு ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று கணக்கு உதைத்தது.

எங்கள் தலைவர் அந்தக் கணக்குக்கு ஒரு பதில் வைத்திருந்தார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. வேட்டி கட்டிக்கொண்டு கொட்டகைக்கு வருவார், கோபம் வந்தால் சமன்பாடு எழுதுவார். வெடிப்பு எல்லாத் திசையிலும் சிதறுவதில்லை, ஒரு நட்சத்திரம் சாகும்போது ஒளியின் வேகத்தைத் தொட்டுவிடுகிற மாதிரி இரண்டு குறுகிய தாரைகளாகப் பீய்ச்சுகிறது என்பது அவர் கட்சி. "எதிரே வர்ற லாரியோட ஹெட்லைட் மாதிரி. ரோட்டுல நிக்கிறவனுக்குக் கண்ணு கூசும். பக்கத்து வயல்ல நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. நம்ம பூமி ரோட்டுல நிக்கிற சமயத்துல மட்டும்தான் நமக்குத் தெரியுது" என்பார். எல்லாத் திசையிலும் கொட்டவில்லை என்றால் ஆற்றல் கணக்கு சரியாகிவிடும். கூட்டங்களில் அவர் இதைச் சொன்னபோது பின்வரிசையில் சிரித்தார்கள்.

தாரை நேராக நம்மைப் பார்த்து இருந்தால், அதில் மிக மிக ஆற்றல் உள்ள கதிர்களும் வரும். சாதாரணக் காமாக் கதிரைக் காற்று விழுங்கிவிடும், தரைக்கு விடாது. ஆனால் அந்த ஆற்றல் மிக்கவை காற்றில் மோதித் துகள் மழையாகச் சிதறும். அதன் தூறல் தரை வரைக்கும் வரும். அந்தத் தூறலைப் பிடிக்கத்தான் கொட்டகையைச் சுற்றிப் பெட்டிகள் வைத்திருந்தோம். துகள் பட்டால் பெட்டிக்குள் இருக்கும் தகடு மின்னும். அந்த மின்னுதல்களை எண்ணுவோம். மலை மேல் இன்னொரு நிலையம் இருந்தது, அங்கேயும் இதே போல் பெட்டிகள். இரண்டு இடத்திலும் ஒரே நொடியில் ஏறினால் அது வானத்திலிருந்து வந்தது என்று முடிவு.

இப்போது எங்கள் ஊருக்கே உரிய ஒரு தொல்லையைச் சொல்கிறேன். திருப்பூர்ப் பக்கத்தில் கரண்ட் என்பது பனியன் மெஷின்களுக்குப் போக மிச்சம்தான். நிட்டிங் மெஷின்கள் ஒன்றாக ஓடத் தொடங்கினால் வோல்டேஜ் விழும், நின்றால் எகிறும். எகிறும்போதெல்லாம் ஏதாவது ஒரு பெட்டி பைத்தியம் பிடித்த மாதிரி எண்ணும். இன்றைக்கு இது, நாளைக்கு அது. இதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போன தலைவர் ஒரு விதி போட்டார். எந்தப் பெட்டியையும் தனியாகப் பார்க்கக் கூடாது. எல்லாப் பெட்டிகளின் எண்ணிக்கையையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை மட்டும் ஒரே பேனா காகிதத்தில் கோடாக வரையும். "ஒரு பெட்டி பொய் சொல்லும். ஊரே சேர்ந்து பொய் சொல்லாது" என்றார். தனித்தனி முள்காட்டிகள் இருந்த பலகையை ஒரு பனியன் துணியால் மூடிவைத்தோம். அந்த ஊரில் அந்தக் கரண்டை வைத்துக்கொண்டு வேலை செய்தால் நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

கொட்டகையைத் தாண்டித் தினமும் ஒரு கம்பெனி வேன் போகும். காலையில் கிராமங்களிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு திருப்பூருக்கு, சாயங்காலம் திரும்பி. டிரைவர் ரங்கசாமி அண்ணன் அத்தா கடைக்கு நூல் மூட்டை ஏற்றியவர், அதனால் என்னைப் பார்த்தால் ஹாரன் அடிக்காமல் போக மாட்டார். அந்த வேனில் அவரவர் இடம் அவரவருக்கு; ஒருத்தர் இடத்தில் இன்னொருத்தர் உட்கார்ந்தால் சண்டையே வந்துவிடும். எங்கள் பக்கத்து ஜன்னல் ஓரம் மல்லிகாவின் இடம். துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஜன்னலுக்குத் தானே தைத்த ஒரு மஞ்சள் பனியன் துணித் திரை போட்டிருந்தாள். வேன் எங்களைத் தாண்டும்போது திரையை விலக்கித் தலையை நீட்டுவாள்.

"ஏனுங்கக்கா, இன்னைக்காவது நட்சத்திரம் புடிச்சீங்களா?"

வேனே சிரிக்கும். நானும் கையை விரித்துக் காட்டுவேன். கொட்டகைக்குள் இருக்கும் தலைவருக்கும் அது கேட்கும். வெளியே வந்து, "பிடிச்சதும் முதல்ல உனக்குத்தான் சொல்லுவேன், போ" என்று கத்துவார். பின்வரிசைச் சிரிப்பைத் தாங்காத மனிதர், இந்தப் பெண்ணின் கேலியை மட்டும் ரசித்தார்.

ஒரு சாயங்காலம் பேனா எழும்பியது. இருவரும் கொட்டகைக்குள்தான் இருந்தோம். கோடு அழகாக ஏறியது, உச்சம் தொட்டது, அழகாக இறங்கியது. வோல்டேஜ் எகிறினால் கோடு கோணல் மாணலாகக் குத்தும். இது அப்படி இல்லை. எல்லாம் சில விநாடிகள். நாங்கள் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. தலைவர் காகிதத்தைத் தொடாமல் அதன் மேல் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மலை நிலையத்தைக் கேட்கலாம் என்றால், மலையில் மழை, போன் லைன் அறுந்து கிடந்தது. காலையில் ஆள் அனுப்பலாம் என்று முடிவு. ஆனால் அவர் மனதுக்குள் முடிவாகிவிட்டது. செயற்கைக்கோள்காரர்களுக்கு அனுப்பத் தந்தி வாசகமும் தயார். வெளியே எப்போது வேன் போனது, எப்போது ஹாரன் அடித்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அன்றைக்கு மல்லிகா நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்டிருந்தாலும் எங்கள் காதில் விழுந்திருக்காது.

மறுநாள் காலை அவர் குன்னத்தூரில் ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்தார், எண்ணெய் ஊறிய பெரிய பொட்டலம். என்னைப் பேனா பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு ரோட்டோரம் போய் நின்றார். தந்தி ஆபீஸ் திறப்பதற்குள் ஒரு வாக்கைக் காப்பாற்ற வேண்டும் அவருக்கு. தூரத்தில் வேன் வந்தது. கையைக் காட்டி நிறுத்தினார். ஜன்னல் வழியாக அது எனக்குத் தெரிந்தது.

பேனா எழும்பியது.

மறுபடியுமா என்று முதலில் குதித்தேன். அடுத்த நொடி உறைத்தது. வெடிப்பு மறுபடி வராது. சரி, இது வேறொரு வெடிப்பு என்றால், இறங்க வேண்டுமே. பேனா இறங்கவில்லை. காகிதத்தின் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு அங்கேயே உராய்ந்தது. ஒரு வெடிப்பு அப்படி நிற்காது. வானத்தில் எதுவும் அப்படி நிற்காது. விதியாவது ஒன்றாவது என்று பலகையை மூடியிருந்த துணியைப் பிடித்து இழுத்தேன். ரோட்டை ஒட்டிய பெட்டியின் முள் கடைசிக் கோட்டில் படுத்துக் கிடந்தது. அதற்கு அடுத்தது பாதி. பின்வேலிப் பெட்டியின் முள் லேசாகத்தான் அசைந்திருந்தது.

வானத்திலிருந்து வருவது எல்லாப் பெட்டிகளையும் ஒன்று போல நனைக்கும். இது ரோட்டில் நின்றுகொண்டிருந்தது.

தலையை நிமிர்த்தினேன். மஞ்சள் திரை விலகியிருந்தது. உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு ஜிலேபியை வாங்கிக்கொண்டிருந்தது. "புடிச்சுட்டீங்களா!" என்று மல்லிகா கூவியதும், "பிடிச்சாச்சு, பிடிச்சாச்சு" என்று தலைவர் சிரித்ததும் எனக்குக் கேட்டது.

ஓடினேன். என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. "சார், பேனா மேலேயே நிக்குது. ரோட்டுப் பக்கப் பெட்டிதான் அதிகம்" என்றேன்.

கேளுங்கள், இதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். வாழ்நாள் முழுக்கத் தேடியது முந்தைய நாள் கையில் கிடைத்த மனிதர். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். துணியை எதற்கு எடுத்தாய் என்று கேட்டிருக்கலாம். வோல்டேஜ் பார் என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்டது ஒன்றுதான். "வண்டி வந்து நின்னதுக்கு அப்புறமா?" ஆமாம் என்றேன். சிரிப்பு முகத்தில் அப்படியே இருக்க, கண் மட்டும் மாறியது. ஜிலேபிப் பொட்டலத்தைக் குனிந்து தரையில் வைத்தார். அவ்வளவுதான், அந்த வெடிப்பை விட்டுவிட்டார்.

நிமிர்ந்து வேனைப் பார்த்து, "எல்லாரும் உடனே இறங்குங்க. வண்டியில கேஸ் கசியுது" என்றார். பயமுறுத்தாமல் இறக்கிவிடலாம் என்று நினைத்திருப்பார். பொய் சொல்லத் தெரியாதவர் பொய் சொன்னால் இப்படித்தான்.

"டீசல் வண்டிங்க சார், இதுல ஏதுங்க கேஸு?" என்றார் ரங்கசாமி அண்ணன். உள்ளே சிரிப்பு. ஒருவரும் அசையவில்லை. "இன்னைக்கு சிப்மெண்டு, சரக்கு போவோணுமுங்க. லேட்டானா கேட்டைச் சாத்திப்போடுவாங்க. ஜிலேபிய வாங்கிட்டோம், நாங்க கெளம்பறோமுங்க" என்று கியரில் கை வைத்தார்.

வேன் போய்விட்டால்? அங்கே ஒரு கம்பெனியே இருக்கிறது. நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன்.

"ஏம்மிணி, வெளையாடறயா? தள்ளு கண்ணு" என்றார்.

"அண்ணா, அத்தா மேல சத்தியமா வெளையாடல. எல்லாத்தையும் எறக்குங்க."

தலைவர் பொய்யை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் வந்தார். குரலை உயர்த்தவில்லை. "கேஸ் இல்லை. நான் சொன்னது பொய். இந்த வண்டிக்குள்ள ஏதோ ஒரு பொருள் இருக்கு. எக்ஸ்ரே எடுக்கும்போது வருமே, அந்த மாதிரி கதிர் அதிலிருந்து வந்துக்கிட்டே இருக்கு. கண்ணுக்குத் தெரியாது, சுடாது, ஆனா உடம்பை உள்ள இருந்து எரிக்கும். அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியலை. நீங்க இறங்கினாத்தான் தேட முடியும்." அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. டிபன் பாக்ஸ்களை விட்டுவிட்டு இறங்கினார்கள். பயந்துவிடுவார்களே என்று யாராவது மக்களிடம் உண்மையை மறைக்க நினைக்கும் போதெல்லாம் எனக்கு அந்த டீசல் வண்டி ஞாபகம் வரும். பொய் சொன்னதில்தான் நேரம் வீணானது, உண்மையைச் சொன்னதில் வீணாகவில்லை.

பக்கத்துத் தோட்டத்து வேலி வரை எல்லோரையும் தள்ளி நிற்க வைத்தோம். கொட்டகையில் ஒரு கைமீட்டர் இருந்தது. கதிர் கூடினால் அது கூடுதலாகக் கீச்சிடும். பொருள் யார் மடியிலாவது இருந்தால் என்ன செய்வது என்று தலைவர் ஒவ்வொருவர் பக்கத்திலும் அதைப் பிடித்துப் பார்த்தார். யாரிடமும் இல்லை. பிறகு அதை நீட்டிப் பிடித்துக்கொண்டு வேனைச் சுற்றி வந்தார். டிரைவர் பக்கம் சாதாரணமாக இருந்தது. பின்பக்கம் கொஞ்சம் ஏறியது. எங்கள் பக்கத்து ஜன்னலுக்கு வந்ததும் அது கத்தத் தொடங்கியது. மஞ்சள் திரைக்கு நேராக விடாமல் ஒரே ஓலமாகக் கத்தியது. அவர் பின்வாங்கிவிட்டார்.

நான் மல்லிகாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பாதி ஜிலேபியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மல்லிகா, உன் திரையில என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லீங்கக்கா. துணிதானுங்க."

"துணியில என்ன கட்டியிருக்க?"

பனியன் துணியை வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளும். அது தெரியாதவர்கள் திருப்பூரில் கிடையாது. வேன் ஓடும்போது திரை பறக்கவும் செய்யும். சுருளாமல், பறக்காமல் தொங்க, கீழ் ஓரத்தில் கனமாக ஏதாவது வைத்துத் தைக்க வேண்டும். அந்த வேனில் திரை போட்ட எல்லோரும் அப்படித்தான் செய்திருந்தார்கள், ஒருத்தி நட்டு, ஒருத்தி பழைய மெஷின் உதிரி. மல்லிகாவின் கம்பெனியில் புதிதாக பாய்லர் வைத்திருந்தார்கள். அதன் வெல்டிங்கைக் கதிர் விட்டுப் படமெடுத்துப் பார்க்க வெளியாட்கள் வந்து போயிருந்தார்கள். அதற்குப் பிறகு ஒருநாள் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு எவர்சில்வர் துண்டு கிடைத்திருக்கிறது.

"சுண்டு விரலாட்டம் பளபளன்னு கெடந்துச்சுங்க. நல்லா கனமா இருந்துச்சு. திரைக்குச் சரியா இருக்கும்னு தெச்சுப்போட்டேன்" என்றாள். அதைச் சொல்லும்போதே இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

எனக்குக் கேட்கவே பயமாக இருந்தது. கேட்டேன். முந்தானையை விலக்கினாள். ஜன்னல் கட்டையில் அவள் கை வைத்துக்கொள்ளும் இடம், முழங்கைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்துச் சிவந்து, நடுவில் நீர் கோத்திருந்தது.

"வெயில்ல வெந்துருச்சுங்கக்கா. இந்தப் பக்கம் வெயில் நல்லா அடிக்குமுங்க. திரை போட்டும் நிக்கல. அதனால நேத்துச் சாயங்காலத்துல இருந்து திரைய இன்னும் கொஞ்சம் கை மேலயே இழுத்து விட்டுக்கறேன்."

நாங்கள் தேடிக்கொண்டிருந்த கதிர் இதுதான், வேறு எதுவும் இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் பயணம் செய்து வந்து எங்கள் பெட்டியை மெல்லத் தட்டினால் போதும் என்று நாங்கள் தவம் கிடந்தது, ஒரு பெண்ணின் கையில் ஒட்டிக்கொண்டு தினமும் காலையும் மாலையும் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஒரு பெட்டி சொன்னதை நம்பாமல் எல்லாவற்றையும் கூட்டியே பார்த்ததில், அது ரோட்டோடு ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்து போனது எங்களுக்குத் தெரியவில்லை. அதற்கு முந்தைய நாட்களில் எப்படி விட்டுப்போனது என்று கேட்பீர்கள். கரண்ட் இருந்த நாட்களின் காகிதத்தைப் பிறகு பார்த்தோம். சின்னச் சின்ன மேடுகள் இருந்தன. ஷிப்ட் மாறும் நேரம், வோல்டேஜ் என்று தள்ளியிருந்தோம். அன்றைக்குச் சாயங்காலம் அவள் திரையைக் கைக்கு மேலே, ஜன்னல் கட்டைக்கு வெளியே இழுத்துவிட்டதால்தான் கோடு அவ்வளவு அழகாக வந்தது.

தலைவர் அதற்குள் தோட்டத்துக்காரரிடம் ஒரு தொரட்டி வாங்கி வந்திருந்தார், ஆட்டுக்குத் தழை பறிக்கிற நீளக் கழி. கொட்டகையில் சோதனைக்கு வைத்திருந்த ஈயக் கட்டிகளை வேனுக்குப் பக்கத்தில் குழி மாதிரி அடுக்கச் சொன்னார். அடுக்கியதும் என்னைத் துரத்தினார். "நான் செய்யறேன் சார்" என்றேன். "எனக்கு வயசாச்சு. நீ வேலிக்குப் போ" என்றார். போகாமல் நின்றேன். சமன்பாடு எழுதும் போதுகூட நான் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. போய்விட்டேன். தொரட்டியின் கடைசி முனையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பி, திரையைக் கொக்கியில் மாட்டி இழுத்து ஈயத்துக்குள் தள்ளினார். மேலே இன்னும் கட்டிகளைக் கழியாலேயே தள்ளி மூடினார். கைமீட்டர் அடங்கியது. அதன் பிறகுதான் அவர் ரோட்டோரத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஜிலேபிப் பொட்டலத்தில் எறும்பு மொய்த்திருந்தது.

அதிகாரிகள் வந்து அதை எடுத்துப் போனார்கள். பழைய துண்டு, வலு குறைந்தது, அதனால் மற்றவர்கள் தப்பித்தார்கள் என்றார்கள். படமெடுத்தவர்கள் வேலை முடிந்ததும் கதிர்த் துண்டு கருவிக்குள் திரும்பிவிட்டதா என்று பார்க்காமலே மூடிக்கொண்டு போனார்களாம். அதை விசாரித்தார்கள், எழுதினார்கள், அது வேறு கதை. தந்தி போகவே இல்லை. பலகையை மூடியிருந்த துணியைத் தலைவர் தன் கையால் எரித்தார். பிறகு மலையிலிருந்தும் ஆள் வந்தான். அங்கே ஒன்றும் ஏறவில்லை.

சில வருடங்கள் கழித்து, ஒரு வெடிப்பின் மங்கிய வெளிச்சத்தைத் தொலைநோக்கியில் பிடித்துத் தூரத்தை அளந்துவிட்டார்கள். கற்பனைக்கு எட்டாத தூரம்தான். அந்தத் தூரத்தில் கணக்கு சரியாக வேண்டுமானால் தாரைதான் வழி என்று பின்வரிசைக்காரர்களே கட்டுரை எழுதினார்கள். ஓய்வில் இருந்த தலைவருக்குப் போன் போட்டேன். "சார், நீங்க சொன்னதுதான் சரி" என்று கத்தினேன். "அப்படியா, சந்தோஷம்" என்றார். பிறகு, "எத்தனை கருவியில தனித்தனியாப் பார்த்தாங்க?" என்று கேட்டார். அதைத்தான் போன வாரம் நான் உங்களிடம் கேட்டேன்.

ஆனால் இனிப்பை ஏன் தொடவில்லை என்பது இதில் இல்லை. அது கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் நடந்தது.

மல்லிகாவின் கைப்புண் ஆறவில்லை. உள்ளே தசை வரைக்கும் போய்விட்டது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள், அது பிடிக்கவில்லை, மறுபடி ஒட்டினார்கள். கையை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்றுகூட ஒருநாள் சொன்னார்கள். ஓவர்லாக் மெஷினில் துணியைத் தள்ளிக் கொடுக்கும் கை அது. தலைவரும் நானும் வாரம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் பார்வை கட்டுக்கே போகும். அவர் அவள் முகத்தையே பார்ப்பார். அவள்தான் எங்களைச் சிரிக்க வைப்பாள். கடைசியில் கை தப்பித்தது. விரல்கள் பாதிதான் மடங்கும் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்குத்தான் அவள் முதல் முறையாக எழுந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க சார், ஒண்ணு கேக்கோணும்னே இருந்தேன்" என்றாள். "அன்னைக்கு ஜிலேபி குடுத்தீங்களே. நட்சத்திரம் புடிச்சாச்சுன்னு சொன்னீங்களே. அது என்னாச்சுங்க? இந்தக் கலவரத்துல அத யாருமே கேக்கலியே."

அவள் நிஜமாகவே அதற்காக வருத்தப்பட்டாள். தன்னால் அவருடைய நட்சத்திரம் கெட்டுப்போனதோ என்று நினைத்திருக்கிறாள். நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தேன். தலைவர் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

"நட்சத்திரம் எதுவும் இல்லைம்மா" என்றார். "நாங்க பிடிச்சது உன் திரையைத்தான். அது எங்களைத் தாண்டிப் போச்சு. நட்சத்திரம்னு நெனச்சுட்டோம். அதுக்குத்தான் ஜிலேபி."

மல்லிகா சிரிக்கப் பார்த்தாள். பாதியில் நின்றுவிட்டது. கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஏதோ மனதுக்குள் வரிசைப்படுத்துகிற மாதிரி ஜன்னலைப் பார்த்தாள்.

"ஜிலேபி வாங்கிட்டு வந்தது காலையிலங்க. அப்ப அது உங்களுக்குத் தெரிஞ்சது மொத நாள் சாயங்காலமுங்களா?"

"ஆமாம்மா. சாயங்காலம்."

"அன்னைக்கு ஊட்டுக்குப் போற வழியெல்லாம், மறுக்கா காலையில வர்ற வழியெல்லாம், அது என் கை மேலயேதானுங்க கெடந்துச்சு" என்றாள். குரலில் கோபமே இல்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "ரெண்டு நாளா வலிச்சதுதான். ஆனா நீர் கோத்துப் பொத்துக்கிட்டது அன்னைக்கு ராத்திரிதானுங்க."

தலைவர் என் மணிக்கட்டை விட்டுவிட்டு அவள் கைக்கட்டைப் பார்த்தார். அவள் தலைமாட்டில் யாரோ பார்க்க வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன இனிப்புப் பெட்டி இருந்தது. அவள் நல்ல கையால் அதைத் திறந்து எங்கள் முன்னால் நீட்டினாள்.

"எடுத்துக்குங்க சார். கை தப்பிச்சிருச்சில்லீங்க" என்றாள்.